பை நிறையக் கருவி வேண்டாம்: சென்னையில் மரவேலை தொடங்குபவருக்கு வாங்கும் வரிசை

மரவேலையில் ஆசைப்பட்டு இறங்குகிற பலர் முதல் சில மாதங்களில் ஒரு பலகையைக்கூட நேராக அறுத்திருக்க மாட்டார்கள். ஆனால் பன்னிரண்டு உளி செட், ஓரம் உருட்டவும் குடையவும் ஆகும் ரூட்டர், வளைவாக அறுக்கும் ஜிக்சா, பலகையை இறுக்கிப் பிடிக்க நாலு விதக் கிளாம்ப் எல்லாம் வீட்டுக்கு வந்திருக்கும். பிரித்த அட்டைப்பெட்டிகள் பரணில் அடுக்கியிருக்கும். கருவி வாங்கினாலே வேலையில் பாதி முடிந்த மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது, சிக்கல் அங்கேதான். காணொளியில் பார்க்கிற பட்டறையில் இரண்டு கார் நிறுத்தலாம். நமக்கு இருப்பதோ வேளச்சேரியிலோ அம்பத்தூரிலோ நாலடி அகல பால்கனி, அதிலும் பாதி துணிக்கொடிக்குப் போய்விடும்.

வாங்கவே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. எதை முதலில் வாங்குவது, எங்கே எப்படிப் பார்த்து வாங்குவது, எதை வாங்காமலே சமாளிப்பது என்பதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

1. செய்யப்போகும் பொருளை முதலில் முடிவு செய்யுங்கள்

"மரவேலைக்கு என்னென்ன கருவி வேண்டும்?" என்று கேட்டால் பதிலுக்கு முடிவே இருக்காது. "ஒரு மணை செய்ய என்ன வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் ஒரு துணிப்பைக்குள் அடங்கிவிடும்.

மணையையே முதல் வேலையாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், அடியில் இரண்டு குறுக்குச்சட்டம், அவ்வளவுதான். அளப்பது, கோடு போடுவது, அறுப்பது, இழைப்பது, துளை போடுவது, திருகு முடுக்குவது என்று அடிப்படை வேலைகள் எல்லாம் இதில் வந்துவிடும். கொஞ்சம் கோணலாக வந்தாலும் வீட்டில் உட்காரப் பயன்படும். இரண்டாவதாகச் சுவரில் மாட்டும் சின்ன அலமாரி, மூன்றாவதாக ஒரு ஸ்டூல். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்குத் தேவையான கருவியை மட்டும் எழுதுங்கள். மணைக்கு எதிரே உள்ளதை மட்டும் இப்போது வாங்கினால் போதும். ஸ்டூலுக்கான கருவியை ஸ்டூல் செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம்.

2. மரத்துக்குப் பணம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் கருவி

புதிதாக வருகிறவர் கையில் உள்ள பணத்தையெல்லாம் கருவியில் போட்டுவிட்டு, கடைசியில் பழைய பழப்பெட்டிப் பலகையில் பழகப் பார்ப்பார். அந்தப் பலகை ஆணி அடித்தாலே பிளக்கும், முறுக்கிக்கொண்டும் இருக்கும். வேலை சரியாக வராது. வராததும் 'இன்னும் நல்ல கருவி வேண்டும்போல' என்று மறுபடி கடைக்குக் கிளம்புவார். ஆகவே பட்ஜெட்டில் பாதியை மரத்துக்கு என்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

சென்ட்ரலை ஒட்டிய வால்டாக்ஸ் சாலையிலும், மாதவரம், செங்குன்றம் பக்கத்திலும் மரக்கடைகள் இருக்கின்றன. மரத்தைக் கன அடிக் கணக்கில் விற்பார்கள். கனம் இஞ்சில், அகலம் இஞ்சில், நீளம் அடியில் எடுத்து மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும். ஒரு இஞ்ச் கனம், ஆறு இஞ்ச் அகலம், ஆறடி நீளப் பலகை என்றால் 36ஐ 144ஆல் வகுக்க, கால் கன அடி. நம் மணைக்கு இந்த ஒரே பலகை போதும். ஒன்றரை அடியில் இரண்டு துண்டு பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மேல்பலகை ஆயிற்று, பதினோரு இஞ்சில் ஒரு துண்டை நீளவாக்கில் பிளந்தால் இரண்டு குறுக்குச்சட்டம். அப்படியும் ஏறக்குறைய இரண்டடி மிஞ்சும், அதில் அறுத்துப் பழகலாம். இழைத்த பிறகு ஒரு இஞ்ச் பலகை ஒரு இஞ்சாக இருக்காது, முக்கால் சொச்சம்தான் நிற்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கடையிலோ பக்கத்து மில்லிலோ கூலி கொடுத்தால் மெஷினில் இழைத்தும், அளவுக்குப் பிளந்தும் தருவார்கள். இதைத் தெரிந்துகொண்டாலே பலகையைச் சீர்படுத்தும் பெரிய மெஷின்களை வாங்கும் எண்ணம் பாதி அடங்கிவிடும். பிளைவுட் கடைகளிலும் எட்டுக்கு நாலு ஷீட்டை உங்கள் அளவுக்கு அறுத்துத் தருகிற இடங்கள் உண்டு. ஆட்டோவில் கொண்டுவரவும் அதுதான் வசதி.

பழைய வீடு இடித்த மரமும் கிடைக்கும். பழைய தேக்குச் சட்டங்கள் நன்றாகக் காய்ந்தவை, வேலைக்கு அருமையாக இருக்கும். ஆனால் உள்ளே ஆணி ஒளிந்திருக்கும். ஒரு சின்னக் காந்தத்தை நூலில் கட்டிப் பலகை முழுக்க ஓட்டிப் பாருங்கள். பலகையைச் சீவும் இழைப்புளியின் அலகு தப்பிக்கும்.

3. முதல் பை

மணைக்கு வேண்டியவை: அளவு டேப், ஓரடி ஸ்டீல் ஸ்கேல், பென்சில், செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம், ஒரு ரம்பம், ஒரு இழைப்புளி, முக்கால் இஞ்ச் உளி ஒன்று, அதை அடிக்கக் கொட்டாப்புளி (மரச்சுத்தி), ஒரு டிரில், திருப்புளி, இரண்டு கிளாம்ப், ஒரு சாணைக்கல். தூசிக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. இந்தக் கடைசி இரண்டில் கஞ்சத்தனம் வேண்டாம்.

உளியை எண்ணி ஒன்று என்றுதான் சொல்லியிருக்கிறேன். வீட்டில் எத்தனை கத்தி இருந்தாலும் அம்மா நறுக்குவது அந்த ஒரே கத்தியில்தான், உளியும் அப்படித்தான். ஸ்டூலுக்குத் துளை எடுக்கும்போது கால் இஞ்சோ அரை இஞ்சோ தேவைப்படும், அப்போது வாங்கலாம். செட்டில் வருகிற ஒன்றரை இஞ்ச் உளியைப் பெட்டியைவிட்டு வெளியே எடுக்கவே மாட்டீர்கள்.

இழைப்புளியில் நான்காம் எண், ஐந்தாம் எண், கட்டை இழைப்புளி, நீள இழைப்புளி என்று பெரிய குடும்பமே இருக்கிறது. ஒன்றுதான் என்றால் ஐந்தாம் எண். பதினாலு இஞ்ச் நீளம் இருப்பதால் பலகையை நேராக்கவும் உதவும், அலகை நன்றாகத் தீட்டி மெல்லிசாகச் சீவினால் மேற்பரப்பையும் வழவழப்பாக்கும்.

ரம்பம் வாங்கும்போது பல்லின் நுனியைப் பாருங்கள். கருநீலமாக இருந்தால் அது சூடேற்றிக் கடினமாக்கிய பல். நீண்ட நாள் உழைக்கும், ஆனால் மழுங்கினால் அரம் போட முடியாது, மாற்றத்தான் வேண்டும். தொடக்கத்துக்கு அதுவே நல்லது என்பேன். ரம்பத்துக்குப் பல் தீட்டுவது தனிக்கலை, அதை இப்போதே தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. இஞ்சுக்கு எட்டு முதல் பத்துப் பல் இருந்தால் எல்லாவற்றுக்கும் ஓரளவு ஒத்துப்போகும்.

4. இரண்டாவது உளிக்கு முன்னால் தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள்

தேவைக்கு மேல் கருவி சேருவதற்குப் பெரிய காரணம் மழுங்கிய அலகு. கடையிலிருந்து வந்த உளி அப்படியே வெட்டாது. அதைத் தீட்டித்தான் வேலைக்குத் தயார் செய்ய வேண்டும் என்பது புதியவருக்குத் தெரியாது. வெட்டவில்லை என்றதும் 'மட்டமான உளி' என்று ஒதுக்கிவிட்டு விலை கூடிய இன்னொன்றை வாங்குவார். அதுவும் பத்து நாளில் மழுங்கும். இழைப்புளி, ரம்பம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அதிகம் செலவில்லாத வழி ஒன்று உண்டு. கண்ணாடிக் கடையில் பத்து அல்லது பன்னிரண்டு மி.மீ. கனத்தில் ஒரு துண்டுக் கண்ணாடி வாங்கி, ஓரத்தைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். அதன்மேல் தண்ணீரில் நனையும் வகை உப்புத்தாள் 400, 1000, 2000 என்று (எண் ஏற ஏறத் தாள் மென்மை) ஒட்டிக்கொண்டால் சாணைக்கல் தயார். நிறைய தீட்டப் போகிறீர்கள் என்றால் உப்புத்தாள் செலவு ஏறிவிடும். அப்போது வைரத்துகள் பதித்த தீட்டும் தட்டு ஒன்று வாங்கலாம், அது பல வருஷம் வரும்.

முதலில் உளியின் முதுகு, அதாவது சரிவு இல்லாத தட்டைப் பக்கம். நுனியிலிருந்து ஒரு இஞ்ச் அளவுக்குத் தட்டையாகத் தேய்த்து, கண்ணாடி மாதிரி மின்னும்வரை விடாதீர்கள். இது ஒரு தடவை செய்தால் போதும். அப்புறம் சரிவு. உளியைப் பொதுவாக 25 டிகிரியில் சாணை பிடித்து, நுனியில் மட்டும் 30 டிகிரியில் ஒரு சின்னச் சரிவு வைப்பது வழக்கம். கையால் கோணம் பிடிக்க வரவில்லை என்றால், சக்கரம் வைத்த சின்னக் கைடு ஒன்று வாங்குங்கள். இரு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் சாதாரண கைடில், உளி 40 மி.மீ. வெளியே நீட்டியிருந்தால் சுமார் 25 டிகிரி, 30 மி.மீ. என்றால் சுமார் 30 டிகிரி. இந்த அளவுகளில் ஒரு மரத்துண்டில் இரண்டு தடுப்பு அடித்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் ஸ்கேல் தேட வேண்டாம்.

தேய்க்கத் தேய்க்க முதுகுப்பக்கம் விரலுக்குத் தட்டுப்படும் அளவில் பிசிறு எழும்பும். நுனி முழுக்க அது வந்தால்தான் அந்தத் தாளில் வேலை முடிந்தது என்று அர்த்தம். அடுத்த மென்மையான தாளுக்குப் போய், கடைசியில் முதுகைத் தட்டையாக வைத்து இரண்டு இழுப்பு இழுத்துப் பிசிறை எடுத்துவிடுங்கள். பழைய பெல்ட் தோலில் கொஞ்சம் உலோகப் பாலிஷ் தடவி நாலு தடவை தேய்த்தால் இன்னும் நல்லது. பைன் மரத்தைக் குறுக்கே அறுத்த முனையில் சீவிப் பாருங்கள். நசுங்காமல் பளபளவென்று வந்தால் உளி தயார்.

தெருவில் சைக்கிளில் வந்து சாணை பிடிப்பவரிடம் அரிவாள்மனையைக் கொடுங்கள், உளியைக் கொடுக்காதீர்கள். சுற்றும் கல்லில் அழுத்தினால் நுனி சூடேறி நீலம் பாரித்துவிடும். நீலமான இடத்தில் எஃகின் கடினம் போய்விட்டது, பிறகு எவ்வளவு தீட்டினாலும் நிற்காது. அவர் மேல் தப்பில்லை, அந்தக் கல் அதற்கானது இல்லை.

5. பிராட்வேக்குப் போகும்போது

கைக்கருவிகளைக் கண்ணால் பார்த்து வாங்குவதே மேல். பிரகாசம் சாலை என்கிற பிராட்வே, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் கருவிக் கடைகள் நெருக்கியடித்து இருக்கும். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மெட்ரோவில் உயர்நீதிமன்றம் அல்லது மண்ணடி நிலையத்தில் இறங்கி நடந்துவிடுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு: கையில் தூக்கிக்கொண்டு நடக்க முடிகிற அளவுக்குத்தான் வாங்குவீர்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும், வார நாளில் காலையிலேயே போவது உத்தமம்.

தாளில் எழுதிய பட்டியலை எடுத்துப் போங்கள். கடைக்காரர் "செட்டா எடுத்துக்கோங்க சார், தனியா வாங்கினா கட்டுப்படியாகாது" என்பார். கணக்குப் போட்டால் அவர் சொல்வது சரிதான், ஒரு உளிக்கு விழும் விலை செட்டில் குறைவு. ஆனால் பன்னிரண்டில் மூன்றைத்தான் தொடப்போகிறீர்கள் என்றால் அந்தக் கணக்கு மாறிவிடும். "முக்கால் இஞ்ச் ஒண்ணு மட்டும் குடுங்கண்ணே" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள், கொடுப்பார்கள்.

மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதிக்கலாம். நேரான விளிம்புள்ள அட்டையோ பலகையோ கேட்டு, விளிம்பில் மட்டத்தை வைத்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தை மறுபக்கம் புரட்டி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விரிந்தால், தெரிகிற விரிசலில் பாதிதான் மட்டத்தின் பிழை, ஆனாலும் அதை வைத்துவிட்டு வேறொன்று கேளுங்கள். இதைச் செய்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள், பழகிய ஆசாரிகள் எல்லாரும் செய்வதுதான்.

இழைப்புளியின் அடிப்பாகத்தில் ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை நிறுத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். முன் நுனி, அலகு வெளியே வரும் வாய், பின் நுனி இந்த மூன்று இடமும் ஸ்கேலைத் தொட வேண்டும். நடுவில் மெல்லிய வெளிச்சம் தெரிந்தால் கண்ணாடிமேல் கரடான உப்புத்தாள் ஒட்டித் தேய்த்துச் சரிசெய்யலாம். வாய்ப்பக்கம் பெரிய குழி என்றால் வேண்டாம்.

6. மின்கருவி: டிரிலோடு நிறுத்துங்கள், கொஞ்ச நாளைக்கு

வயர் உள்ள சாதாரண டிரில் போதும். சுவரில் துளை போடவும் ஆகும் என்பதால் வீட்டில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பேட்டரிக் கருவிகளில் ஒரு கண்ணி இருக்கிறது. முதலில் டிரில், இரண்டு பேட்டரி, சார்ஜர் என்று வாங்குவீர்கள். அதே பேட்டரியில் ஓடும் ரம்பம், உப்புத்தாள் தேய்க்கும் சாண்டர், காற்றூதி எல்லாம் 'பேட்டரி இல்லாமல், விலை குறைவு' என்று வரிசையாகக் கூப்பிடும். ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொரு கம்பெனிக் கருவியில் பெரும்பாலும் பொருந்தாது, அதனால் அந்தக் குடும்பத்தைவிட்டு வெளியே வரவும் மனசு வராது. லித்தியம் பேட்டரி பயன்படுத்தாமல் கிடந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறன் குறையும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. மே மாதத்துப் பால்கனி அலமாரி அதற்கு ஏற்ற இடமே இல்லை.

ரூட்டர் நல்ல கருவிதான், ஆனால் மணைக்கும் அலமாரிக்கும் வேண்டாம். பின்னால் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அலகின் தண்டு 6 மி.மீ., கால் இஞ்ச், 8 மி.மீ., அரை இஞ்ச் என்று பல அளவில் வருகிறது. கால் இஞ்ச் என்பது 6.35 மி.மீ. அந்தப் பிடியில் 6 மி.மீ. தண்டைப் போட்டால் இறுகின மாதிரித் தெரியும், ஓடும்போது நழுவும். முப்பது அலகு கொண்ட பெட்டியைத் தள்ளுபடியில் பார்த்ததும் வாங்குகிறவர்கள் தண்டின் அளவைப் பார்ப்பதே இல்லை. ஓரத்தை உருட்ட ஒன்று, நேராகக் குடைய ஒன்று, இரண்டே இரண்டு தரமான அலகில் ரொம்ப நாள் ஓட்டலாம்.

கையில் ஏற்கெனவே ஆங்கிள் கிரைண்டர் (இரும்பு, டைல் அறுக்கும் கை மெஷின்) இருக்கிறது, மரம் அறுக்கும் பல் வைத்த பிளேடு ஒன்று வாங்கி மாட்டினால் ரம்பம் மிச்சம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பல் மரத்தில் மாட்டினால் மெஷின் கையைவிட்டு உதறிக்கொண்டு திரும்பும். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்.

7. மூன்று தடவை தவித்த பிறகு வாங்குங்கள்

புதுக் கருவி ஒன்றின்மேல் ஆசை வந்தால் அதன் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வேலை நடுவில் 'அது இருந்திருந்தால்' என்று நிஜமாகவே தடுமாறும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு கோடு. காணொளி பார்த்துக்கொண்டிருக்கும்போது தோன்றினால் கோடு கிடையாது. மூன்று கோடு விழுந்தால் வாங்கலாம். ஆடித் தள்ளுபடி, தீபாவளித் தள்ளுபடி வருகிறபோது அந்த நோட்டைத் திறந்து, மூன்று கோடு விழுந்ததை மட்டும் தேடுங்கள். தள்ளுபடிக்காகவே வாங்கினால் முழு விலையும் வீண்.

ஒரு தடவை மட்டும் தேவைப்படுகிற வேலைக்கு வாடகைக் கடையோ, தெரிந்த ஆசாரியோ போதும். பக்கத்தில் பர்னிச்சர் பட்டறை இருந்தால் டீ நேரத்தில் போய்ப் பேச்சுக் கொடுங்கள். பலகையைக் கொண்டுபோனால் பத்து நிமிஷத்தில் மெஷினில் விட்டுத் தருவார்கள், கேட்கிற கூலியைக் கொடுத்துவிடுங்கள். அவர் பையில் என்னென்ன இருக்கிறது என்றும் ஒரு கண் பாருங்கள். வீடு முழுக்க வார்ட்ரோப் அடிக்கிறவர் பையே நீங்கள் நினைப்பதைவிடச் சின்னது.

கிளாம்ப் மட்டும் இந்த விதிக்குள் அடங்காது. பசை போட்டு ஒட்டத் தொடங்கிய பிறகு இரண்டு போதவே போதாது, நாலு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குமேல் என்றால் கயிற்றைச் சுற்றிக் குச்சியால் முறுக்குங்கள், சின்ன வேலைக்கு அதே இறுக்கம் கிடைக்கும்.

மணையில் குறுக்குச்சட்டத்தைத் திருகும்போது ஒரு விஷயம். மழைக்காலத்தில் பலகை அகலவாக்கில் கொஞ்சம் விரியும், கோடையில் சுருங்கும். நீளம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதனால் பலகை ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகை மட்டும் இறுக்கமான துளையில் போட்டு, மற்றத் திருகுகளுக்குச் சட்டத்தில் உள்ள துளையைப் பலகையின் அகலவாக்கில் கொஞ்சம் நீட்டி விடுங்கள். இதற்கென்று தனி அலகு விற்பார்கள், வாங்காதீர்கள். டிரிலைச் சாய்த்து இரண்டு தடவை ஓட்டினால் போதும்.

8. உப்புக்காற்றும் வெள்ளமும்

பெசன்ட் நகர், திருவொற்றியூர் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவருக்குத் துரு சீக்கிரம் வரும். உள்ளே இருப்பவர்களும் ஐப்பசி, கார்த்திகையில் தப்ப முடியாது. வேலை முடிந்ததும் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவுங்கள். வியர்த்த கையால் தொட்ட இழைப்புளியை அப்படியே வைத்தால் மறுநாள் விரல் ரேகையே துருவாக நிற்கும். எத்தனை கருவி இருக்கிறதோ அத்தனைக்கும் இந்தத் துடைப்பு உண்டு. இருபது உளி வைத்திருப்பவர் அதைச் செய்வதில்லை.

தரைத்தள வீடு என்றால் கருவிப்பெட்டி தரையில் வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் ஏறிய தெருக்களில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மின்கருவிகள் இடுப்பு உயரத்துக்கு மேலே இருக்கட்டும்.

9. ஆயுத பூஜை அன்று ஒரு கணக்கு

வருஷத்துக்கு ஒருநாள் எல்லாக் கருவியையும் எப்படியும் வெளியே எடுத்துத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கப்போகிறோம். அப்போதே இரண்டு வரிசையாக அடுக்கிவிடுங்கள்: போன ஆயுத பூஜைக்குப் பிறகு மரத்தைத் தொட்டது ஒரு பக்கம், தொடாதது ஒரு பக்கம். பூஜை இரண்டுக்கும் உண்டு, அதில் பாரபட்சம் வேண்டாம். பொரிகடலை தீர்ந்த பிறகு இரண்டாவது வரிசையை விற்பதா, கொடுப்பதா என்று பாருங்கள்.

விற்பதென்றால் பேட்டரிக் கருவிகளை முதலில் தள்ளுங்கள், நாளாக ஆக பேட்டரியோடு சேர்த்து விலையும் இறங்கும். பில்லும் வாரண்டிச் சீட்டும் இருந்தால் வாங்குகிறவர் அதிகம் பேரம் பேச மாட்டார். உளி, இழைப்புளிக்கு அவசரமில்லை. துரு எடுத்துத் தீட்டி, வெட்டிக் காட்டி விற்றால் நல்ல விலைக்குப் போகும். புதிதாகத் தொடங்குகிற யாராவது தெரிந்தவர் இருந்தால், அந்தச் செட்டிலிருந்து முக்கால் இஞ்ச் ஒன்றை மட்டும் எடுத்து, தீட்டி அவருக்குக் கொடுங்கள். கண்ணாடித் துண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.